அரசு நமக்கு ஆண்டையா?

குடியிருக்கும் மண் சர்க்கார் மண். செய்கிற வேலை சர்க்கார் வேலை. பிள்ளைகள் படிப்பது சர்க்கார் தமிழ்ப் பள்ளியில். நோய் வந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரி, கச்சாலுக்கோ கேம்ப்பெல் பேவுக்கோ போவதென்றால் சர்க்கார் கப்பல். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் உழைக்கும் தமிழனின் வாழ்வில் அரசு நுழையாத இடம் இல்லை.

இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. லாபம் ஒன்றையே பார்க்கும் முதலாளி இந்தத் தீவுகளில் பள்ளிக்கூடமா கட்டியிருப்பான்? ஜாரவா, ஓங்கே போன்ற ஆதிகுடிகளின் நிலத்தை இன்றளவும் காத்து நிற்பது 1956ஆம் ஆண்டு ஒழுங்குவிதி அல்லவா? ஆகவே அரசே வேண்டாம் என்பாரோடு நமக்கு உடன்பாடு இல்லை. இத்தனையும் கையில் வைத்திருக்கும் அரசு யாருக்குப் பதில் சொல்கிறது என்பதே நம் கேள்வி.

அரசியல் சட்டத்தின் 240ஆம் பிரிவின்படி இத்தீவுகளுக்கான ஒழுங்குவிதிகளைக் குடியரசுத் தலைவர் இயற்றலாம். துணைநிலை ஆளுநரை நியமிப்பது டில்லி. நமக்கு உள்ளது ஒரே ஒரு மக்களவை உறுப்பினர். அவரைக்கூட 1967 முதல்தான் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டமன்றம் இல்லை. யூனியன் பிரதேசமான புதுச்சேரிக்கு 1963லேயே சட்டமன்றம் கிடைத்ததே, நாம் மட்டும் என்ன பாவம் செய்தோம்? 1994ஆம் ஆண்டு ஒழுங்குவிதி ஊராட்சி மன்றங்களைத் தந்தது உண்மை. ஆனால் நிலமும் கப்பலும் அவற்றின் கையில் இல்லை.

நிலமும் முக்கியத் தொழில்களும் அரசின் உடைமையாக வேண்டும் என்று 1947இல் அரசியல் நிர்ணய சபைக்கான கோரிக்கை மனுவில் எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். அதே மனுவில், பாராளுமன்ற ஜனநாயகம் அழியாமலே இது நடக்க வேண்டும், சர்வாதிகாரம் தலைதூக்கலாகாது என்றும் அவர் வற்புறுத்தினார். இங்கே 1966ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி நிலமெல்லாம் மத்திய அரசின் சொத்து. அண்ணல் கேட்டதில் ஒரு பாதி வந்துவிட்டது. மறு பாதி எங்கே?

மறு பாதி இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்குக் கச்சால் சாட்சி. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட நம் மக்களில் சில குடும்பங்களை அரசு அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியது. 1977இல் தோன்றிய வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் அத்தோட்டத்தை நடத்தியது. வெள்ளைத் துரை போய் அரசாங்கத் துரை வந்தார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியது. 2017 ஆகஸ்டில் கழகத்தையே மூடிவிட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. இலங்கையில் நம் தலைவிதியை இரண்டு பிரதமர்கள் எழுதினார்கள். இங்கே ஓர் அமைச்சரவை எழுதியது. தோட்டத்தில் பால் வெட்டிய கை எந்த முடிவிலும் ஓட்டுப் போடவில்லை.

அன்றாடக் கூலி மஸ்தூர்களின் கதையும் இதுவே. உயர்ந்த கூலியும் பஞ்சப்படியும் கேட்டு அவர்கள் கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2022 டிசம்பரில் சாதகமான உத்தரவும் பெற்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. உத்தரவு நிறைவேறாததால் 2023 ஆகஸ்ட் 3 அன்று உயர் நீதிமன்றம் தலைமைச் செயலாளரைப் பணியிடை நீக்கம் செய்து, துணைநிலை ஆளுநருக்கு 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. சட்டமன்றம் ஒன்று இருந்திருந்தால் கூலிக்காரனின் பஞ்சப்படி இவ்வளவு தூரம் கப்பலேற வேண்டியிருக்குமா?

அரசு சரியில்லை, தனியாரிடம் கொடுத்துவிடலாம் என்று சிலர் பேசுகிறார்கள். பதில் சொல்லாத ஓர் ஆண்டையை விட்டு, பதில் சொல்லவே கடமைப்படாத வேறோர் ஆண்டையிடம் போவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அரசு இருக்கட்டும், நமக்குக் கணக்குச் சொல்லும் அரசாக இருக்கட்டும்.

ஆகவே புதுச்சேரிக்கு உள்ளதுபோல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் இத்தீவுகளுக்கும் வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். அதுவரை நாம் கைகட்டி நிற்கலாகாது. கிராம சபைக்குப் போவோம், செலவுக் கணக்கைக் கேட்போம். தாய்மார்களும் வரட்டும், கப்பல் வராத நாளில் அடுப்பெரியாத கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லோரோடும் ஒரே சங்கத்தில் சேர்வோம். ஆளுக்கொரு மனுவோடு அதிகாரியின் வாசலில் தனித்தனியாக நின்றது போதும்.