‘அவனா நினைச்சாத்தான் திருந்துவான்’

குடிநோய் பிடித்த ஒருவரைப் பற்றிய பேச்சு நம் வீடுகளில் பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் வந்து முடிகிறது. இதில் பாதி உண்மை. அடித்தோ அறையில் அடைத்தோ யாரையும் குடியிலிருந்து மீட்க முடியாது. ஆனால், அந்த நினைப்பு தானாக வரட்டும், அதுவரை நமக்கு வேலையில்லை என்று குடும்பமும் மருத்துவரும் ஒதுங்கிக்கொள்வது தவறு. விடவேண்டும் என்ற விருப்பத்தை வளர்த்தெடுப்பதுதான் சிகிச்சையின் முதல் வேலை.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் இதைத்தான் எழுதினார். குடிநோயாளி உண்மையை ஒப்புக்கொள்ள மாட்டார், எதிர்த்துப் பேசி அவர் பிடிவாதத்தை உடைக்கவேண்டும் என்று அங்கே பல மையங்கள் நம்பிய காலம் அது. அந்தப் பிடிவாதத்தில் பெரும்பங்கு ஆலோசகர் பேசும் விதத்தால் விளைவது என்றார் மில்லர். குடிப்பவருக்குள் விடவேண்டும் என்ற எண்ணமும் விடமுடியாது என்ற எண்ணமும் சேர்ந்தே இருக்கின்றன. நாம் முதலாவதன் பக்கம் நின்று வாதிட்டால், அவர் இரண்டாவதற்கு வக்கீலாகிவிடுவார். ‘குடியால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது, என்ன போகிறது?’ என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தால், விடுவதற்கான காரணங்களை அவரே சொல்லத் தொடங்குவார். ஆலோசகர் எவ்வளவு மல்லுக்கு நின்றாரோ, ஓராண்டு கழித்து நோயாளி அவ்வளவு அதிகமாகக் குடித்தார் என்று 1993-இல் மில்லர் குழுவின் ஆய்வொன்று காட்டியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அறிவுரை சொல்லியே பழகிய நம்மைச் சுடக்கூடியது.

இந்த முறைக்குப் படித்த மேல்தட்டு நோயாளியும் பெரிய மருத்துவமனையும் வேண்டுமே என்று தோன்றலாம். கோவாவில் நடந்த ஆய்வு அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிறது. அங்கே 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், உடலுக்குக் கேடாகும் அளவு குடித்துவந்த 377 ஆண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவம். மற்றொன்றுக்கு அதனுடன், மனநலப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் அதிகபட்சம் 4 முறை இவ்வகையில் பேசினார்கள். மூன்று மாதம் கழித்து, கடந்த 14 நாட்களில் குடிக்கவே இல்லை என்றவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 42 சதவீதம். மற்ற பிரிவில் 18 சதவீதம். 2017-இல் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது. ஓராண்டு கழித்தும் பலன் நிலைத்திருந்தது.

பலன் சிறியது, நாளாக நாளாகத் தேய்ந்துவிடும் என்று ஒரு மறுப்பு உண்டு. நியாயமானதே. 2011-இல் 59 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை, சிகிச்சையே இல்லாததைவிட இம்முறை நல்லது, மற்ற சிகிச்சைகளைவிட மேலானதல்ல என்றே சொன்னது. ஆனால் செலவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1,726 பேரிடம் நடந்த அமெரிக்காவின் ‘புராஜெக்ட் மேட்ச்’ ஆய்வில், இம்முறையின் 4 அமர்வுகள் மற்ற முறைகளின் 12 அமர்வுகளுக்கு ஏறக்குறைய ஈடுகொடுத்தன. இன்னொரு மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை: மனைவியை அடிப்பவரிடம் இவ்வளவு இதமாகப் பேசவேண்டுமா? கோவாவிலும் மூன்று மாத முடிவில் வீட்டு வன்முறையில் மாற்றம் தெரியவில்லை. ஆக, அந்தப் பெண்ணுக்கான பாதுகாப்பும் சட்ட உதவியும் தனியாகவே வேண்டும். குடிநோய் முற்றிய நிலையிலும் பேச்சு மட்டும் போதாது; குடியைத் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, உயிராபத்து வரை போகலாம். அங்கே முதலில் மருந்தும் மருத்துவரும்தான்.

குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைத்திருக்கிறது என்றது 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு. 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் தமிழக அரசு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி ஊழியர்களை அனுப்புகிறது. குடிநோய் முற்றாத நிலையில் இருப்பவர்களிடம் பேச அந்த ஊழியர்களுக்கும் பயிற்சி தரலாம், அதற்குரிய ஊதியத்தோடு. கோவாவில் ஆலோசனை அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, கேட்டு, மதிப்பெண் போட்டுத் திருத்தினார்கள். அதற்கும் சேர்த்துத்தான் பணம் ஒதுக்கவேண்டும். இல்லையென்றால் நான்கு அமர்வுகளும் நான்கு உபதேசங்களாகிவிடும்.