பேரிடரில் இணையும் திருச்சபைகள்: பட்டியலை எழுதுவது யார்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழகக் கடலோர மாவட்டங்கள் ஒரு பேரிடரை எதிர்நோக்கியே நாட்களைக் கடத்துகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், அதைத் தொடர்ந்து தென்மாவட்டப் பெருவெள்ளமும் வந்தன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. இத்தகைய நாட்களில் அரசு எந்திரம் அசையத் தொடங்கும் முன்பே களத்தில் இறங்குவோரில் திருச்சபைகளும் உண்டு. பள்ளிக் கட்டடம், ஆலய மண்டபம், சமையற்கூடம், வாகனம், ஊர்தோறும் ஆட்கள் என ஒரு பேரிடரின் முதல் மூன்று நாட்களுக்குத் தேவையான அனைத்தும் அவற்றிடம் ஆயத்தமாக உள்ளன. வழிபாட்டு முறையிலும் கோட்பாட்டிலும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் சபைகள், வெள்ளம் வந்ததும் ஒரே மேசையில் அமர்ந்து பணியைப் பகிர்ந்துகொள்கின்றன.

இது பாராட்டப்பட வேண்டியதே. ஆனால் சபைகளுக்கு இடையே ஏற்படும் இந்த ஒற்றுமை, ஊருக்கும் சேரிக்கும் இடையிலான எல்லையைத் தாண்டுகிறதா என்ற கேள்வியைத் தலித் மக்கள் எழுப்பாமல் இருக்க முடியாது. கடந்த இருபதாண்டு அனுபவம் காட்டுவது ஒன்றுதான்: அரிசியும் தார்ப்பாயும் எத்தனை சபைகளிடமிருந்து வருகின்றன என்பதைவிட, அவற்றைப் பெறுவோரின் பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பதே நிவாரணத்தின் நீதியைத் தீர்மானிக்கிறது.

இணைப்பின் வரலாறு

இந்தியாவில் திருச்சபைகள் நிவாரணத்துக்காக ஒன்றிணைந்த வரலாறு விடுதலையோடு தொடங்குகிறது. ‘காசா’ எனச் சுருக்கமாக அறியப்படும், புராட்டஸ்டண்டு மற்றும் ஆர்த்தோடாக்ஸ் சபைகளின் பொதுவான நிவாரண அமைப்பு, 1947இல் பிரிவினை அகதிகளுக்கு உதவுவதற்காக உருவானது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு முதலிய மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1962இல் கத்தோலிக்க ஆயர் பேரவையின் சார்பில் காரித்தாஸ் இந்தியா தொடங்கப்பட்டது. உலக அளவில் சபைகளின் நிவாரணப் பணியை ஒருங்கிணைக்க 1995இல் ஜெனீவாவில் ‘ஆக்ட்’ அமைப்பு உருவானது.

இத்தகைய ஒருங்கிணைப்பு இல்லாவிட்டால் என்ன நிகழும் என்பதைப் பேரிடர்க் களத்தில் நின்ற எவரும் அறிவர். நெடுஞ்சாலையை ஒட்டிய ஊருக்கு மூன்று அமைப்புகள் சோறு கொண்டுவரும். இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் குடியிருப்புக்கு ஒருவரும் வரமாட்டார்கள். ஒருவர் தங்குமிடம், ஒருவர் குடிநீர், ஒருவர் மருத்துவம் எனப் பிரித்துக்கொள்வதால் இந்தக் குறை ஓரளவு தீரும். ஆனால் உள்ளே இருக்கும் அந்தக் குடியிருப்பு வரைபடத்திலேயே இல்லாவிட்டால், எவ்வளவு சிறந்த ஒருங்கிணைப்பாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் குடியிருப்பு பெரும்பாலும் சேரியாகவே இருக்கிறது.

சுனாமி கற்பித்தது

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்த இடங்களில் மடிந்தனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களும் அதில் அடக்கம். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியும் கடும் அழிவைச் சந்தித்தது. கத்தோலிக்கச் சபையும் லுத்தரன் சபைகளும் தென்னிந்தியத் திருச்சபையும் ஒரே கடற்கரையில் பணியாற்றின. தன்னார்வ நிறுவனங்களுக்கென ஓர் ஒருங்கிணைப்பு மையமும் நாகப்பட்டினத்தில் செயல்பட்டது.

இவ்வளவு பேர் களத்தில் நின்றபோதுதான், தலித் மக்கள் பொது முகாம்களில் ஒதுக்கப்பட்டதும், முகாமில் வைக்கப்பட்ட குடிநீர்த் தொட்டிகளைத் தொடவிடாமல் தடுக்கப்பட்டதும் செய்திகளாக வெளிவந்தன. தலித் மனித உரிமை அமைப்புகளும், 2005இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பும் இத்தகைய பாகுபாட்டைப் பதிவுசெய்தன. அழுகிய உடல்களை அகற்றுவதற்கு வெளியூர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கையுறையோ முகக்கவசமோ இல்லாமல் பலர் அப்பணியைச் செய்தனர். பிணம் அள்ளும் இடத்தில் முதலில் நிறுத்தப்பட்டவர்கள், நிவாரணம் பெறும் வரிசையில் கடைசியில் நிறுத்தப்பட்டனர்.

நிவாரண அமைப்புகள் வேண்டுமென்றே சேரியைத் தவிர்த்தன என்று சொல்ல முடியாது. அவை நம்பியிருந்த வழி அப்படிப்பட்டது. வெளியிலிருந்து வருபவர்கள் யாரிடம் பட்டியல் கேட்டார்கள்? மீனவ ஊர்ப் பஞ்சாயத்திடமும், கிராம நிர்வாக அலுவலரிடமும், சில இடங்களில் பங்குப் பேரவையிடமும் கேட்டார்கள். சேரியைத் தன் பகுதியாகக் கருதாத ஊரின் அமைப்புகள், சேரியின் பெயர்களைத் தாமாக முன்வந்து எழுதித் தருவதில்லை. கைம்பெண்களும் தனித்து வாழும் பெண்களும் கூட இதே வழியில்தான் விடுபட்டனர். மீனவர்களின் துயரம் சிறிதல்ல. உயிரிழப்பின் பெரும்பகுதி அவர்களுடையது. அவர்களுக்குக் கிடைத்தது மிகை என்பது நம் வாதமன்று. ஒரே கடற்கரையில் வாழ்ந்த இன்னொரு மக்கள் கூட்டத்தின் இழப்பு, இழப்பாகவே எண்ணப்படவில்லை என்பதே நம் வாதம்.

இழப்பு என்பது எது?

நம் நாட்டின் நிவாரண முறை உடைமையை அளவுகோலாகக் கொண்டது. படகு உடைந்தால் படகு, வீடு இடிந்தால் வீடு, பயிர் அழிந்தால் ஏக்கர் கணக்கில் தொகை. உடைமை இல்லாதவர் எதை இழந்தார் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கடல்நீர் புகுந்து உவர்ப்பேறிய வயலின் உரிமையாளருக்கு நிலச் சீரமைப்புத் திட்டம் உண்டு. அந்த வயலில் நடவும் அறுப்பும் செய்துவந்தவர் இழந்த கூலி நாட்களுக்குக் கணக்கு இல்லை. மீன் சுமந்தவர், மீன் காயவைத்தவர், தலைச்சுமையாக ஊருக்குள் கொண்டுபோய் விற்றவர் ஆகியோரின் இழப்பும் அத்தகையதே. சேதமடைந்தவற்றைவிட அதிகமான படகுகள் நன்கொடையாக வந்து சேர்ந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய அதே கடற்கரையில்தான் இது நடந்தது.

கஜா புயல் இதை மேலும் தெளிவாக்கியது. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. தென்னந்தோப்பு உரிமையாளரின் இழப்பு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தோப்பில் காய் பறித்தவரும், மட்டை உரித்தவரும், கீற்று முடைந்தவரும் மரம் ஒன்றுக்குக் கூட உரிமை கோர முடியாதவர்கள். நெட்டை ரகத் தென்னை மீண்டும் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை அவர்களுக்கு வேலை இல்லை. சாய்ந்த மரம் கணக்கில் வந்தது. மரத்தை நம்பியிருந்த மனிதர் வரவில்லை.

வீட்டுக்கும் இதே நிலைதான். சேரிகள் பல இடங்களில் ஊரின் பள்ளமான பகுதியிலும், வாய்க்கால் கரையிலும், புறம்போக்கிலும் அமைந்தவை. வெள்ளம் முதலில் புகுவதும் கடைசியில் வடிவதும் அங்கேதான். பட்டா இல்லாத குடிசை இடிந்தால், அதே இடத்தில் நிலையான வீடு கட்டித்தரச் சட்டம் இடம் தராது என்ற பதிலே கிடைக்கிறது.

அரசு தன் விதிகளால் கட்டுப்பட்டது. திருச்சபைகளின் நிதிக்கோ இந்த அளவுகோல் கட்டாயமில்லை. இழந்த கூலி நாட்களைக் கணக்கிட்டு உதவவும், பட்டாவுக்கான சட்டப் போராட்டத்துக்குத் துணை நிற்கவும் அவற்றால் முடியும். சபைகளின் ஒற்றுமைக்கு உண்மையான தேவை இங்கேதான் இருக்கிறது.

சபைக்குள் நிற்கும் சுவர்

சாதியைத் தாண்டி நிவாரணம் செய்யவேண்டிய சபை, தனக்குள் சாதியைத் தாண்டியிருக்கிறதா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் சுவர் பல ஆண்டுகளாகப் போராட்டத்துக்கு உரியதாக இருந்துவருகிறது. 2008 மார்ச்சில் ஏறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டபோது மோதல் வெடித்தது. தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 2003 நவம்பரிலேயே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது.

இந்தச் சுவர் பேரிடர் நாளிலும் விழுவதில்லை. 2018 கேரள வெள்ளத்தின்போது, ஆலப்புழா மாவட்டத்தின் ஒரு முகாமில் தலித் குடும்பங்களோடு சேர்ந்து உண்ண மறுத்தவர்கள் கிறிஸ்தவக் குடும்பங்கள் என்று செய்திகள் வெளியாயின. ஆகவே ‘நாங்கள் சாதி பார்ப்பதில்லை’ என்ற உறுதிமொழி போதாது. நிவாரணத்தில் சாதியைக் கேட்பது பிளவை உண்டாக்கும் என்று அருட்பணியாளர்கள் சிலர் வாதிடுவதுண்டு. கேட்காமல் விடுவதால் சாதி மறைந்துவிடாது. பட்டியலை எழுதும் கை எந்தத் தெருவிலிருந்து வருகிறதோ, அந்தத் தெருவின் சாதி அமைதியாகப் பட்டியலில் ஏறிவிடும்.

சட்டம் தருவதும் தடுப்பதும்

நிவாரண அமைப்புகளுக்கான பன்னாட்டு நடத்தை விதி 1994இல் வெளியானது. அதை முன்மொழிந்தவற்றுள் காரித்தாஸ், லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவையும் இருந்தன. இனம், சமயம், நாடு என்ற வேறுபாடின்றி உதவ வேண்டும் என்கிறது அதன் இரண்டாம் விதி. சாதி என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. சுனாமிக்குப் பின் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமோ, தன் 61ஆம் பிரிவில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, சமயம் ஆகியவற்றின் அடிப்படையில் இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. செயற்பாட்டாளர்கள் அதிகம் பயன்படுத்தாத ஆயுதம் இது.

ஆனால் தலித் கிறிஸ்தவருக்கு இன்னொரு கதவு மூடியே கிடக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவரைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த அந்தக் கதவு, கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்னும் திறக்கவில்லை. எனவே முகாமில் தண்ணீர் மறுக்கப்பட்ட தலித் கிறிஸ்தவரால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடிவதில்லை. அரசின் கணக்கில் அவர் தலித் அல்லர். ஊரின் கணக்கில் அவர் தலித் மட்டுமே. இந்த இடைவெளியில் விழுபவரைத் தாங்கும் கடமை சபைகளுக்கு உண்டு.

2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் மற்றொரு தடையை எழுப்பியது. வெளிநாட்டு நன்கொடை பெறும் ஓர் அமைப்பு, அதை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிக்கக் கூடாது என்றானது. முன்பு பெரிய சபை அமைப்புகளின் நிதி, களத்தில் நிற்கும் சிறிய தலித் இயக்கங்களின் வழியாகச் சேரிக்குச் சென்றது. அந்த வாய்க்கால் இப்போது அடைபட்டுவிட்டது. பெரிய அமைப்புகள் தாமே நேரடியாகச் செயல்படவேண்டிய நிலையில், பட்டியல் எழுதும் அதிகாரம் மேலும் மேலே போய்விடும் ஆபத்து உண்டு.

அடுத்த புயலுக்கு முன்

செய்யவேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, சபைகளின் கூட்டு நிவாரணக் குழுக்களில் தலித் மக்களும், குறிப்பாகத் தலித் பெண்களும், முடிவெடுக்கும் இடத்தில் அமரவேண்டும். ஓலைக் கொட்டகையில் கூடும் சிறிய பெந்தெகொஸ்தே சபைகளின் ஊழியர்கள் பலர் சேரிகளிலேயே வாழ்பவர்கள். பெரிய சபைகளின் கூட்டமைப்புகளில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களையும் அழைக்கவேண்டும்.

இரண்டாவதாக, சேதக் கணக்கெடுப்பைச் சேரியிலிருந்து தொடங்கி ஊரை நோக்கிச் செல்லவேண்டும். இழந்த வேலை நாட்களுக்கெனத் தனிக் கட்டம் படிவத்தில் வேண்டும். தயாரான பட்டியலைச் சேரியிலும் ஊரிலும் பொதுவில் வாசித்து, விடுபட்டவர்கள் முறையிட நாள் தரவேண்டும்.

மூன்றாவதாக, ஆலய மண்டபமும் பள்ளியும் முகாமாகும்போது, ஒரே சமையல், ஒரே பந்தி, ஒரே தண்ணீர் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட விதியாக இருக்கவேண்டும். மறுப்பவருக்காகத் தனி முகாம் அமைத்துச் சமாதானம் செய்யக்கூடாது.

நான்காவதாக, இந்த நீதி தலித் கிறிஸ்தவர்களோடு நின்றுவிடக்கூடாது. பக்கத்துக் குடிசையில் வாழும் தலித் இந்துவும் தலித் இஸ்லாமியரும் அதே வெள்ளத்தில் நனைந்தவர்களே. சபை உறுப்பினருக்கு மட்டும் தரப்படும் உதவி, மற்றொரு விலக்கல்தான்.

மாணவர்களும் இயக்கத் தோழர்களும் இதற்காகப் பேரிடர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதியின் சேரிகள் எவை, எந்தக் குடியிருப்பில் முதலில் தண்ணீர் புகுகிறது, எத்தனை குடும்பங்களுக்குப் பட்டா இல்லை, எத்தனை பேர் கூலியை மட்டும் நம்பியிருக்கிறார்கள் என்ற விவரங்களை மழைக்கு முன்பே திரட்டிவிட முடியும். அந்தப் பட்டியலின் ஒரு படியை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும், மற்றொரு படியை உங்கள் பகுதியின் அனைத்துச் சபைகளுக்கும் அளியுங்கள். அடுத்த புயலில் திருச்சபைகள் மீண்டும் ஒன்றுகூடும்போது, சேரி எழுதிய பட்டியல் அவர்களின் மேசையில் முதலாவதாக இருக்கட்டும்.