தொழிலாளர் பக்கம்: தாமரை இலையும் வெள்ளைத் தூளும்

சென்ற இதழில் இரவு வேலைக்கான மேலதிகச் சம்பளம் பற்றி எழுதியிருந்தோம். இம்முறை ஒரு வெள்ளைத் தூளின் கதை.

யேர்மனியில் நாங்கள் வேலை செய்யும் பிளாஸ்ரிக் தொழிற்சாலைக்கு ஒரு பரீட்சார்த்த வேலை வந்தது. தண்ணீர் ஒட்டாத, கிருமி தங்காத மூடிகள் வார்க்க வேண்டுமாம். அதற்கென்று பைகளில் தூள் வந்திறங்கியது. பை பெரிது, நிறை பத்துக் கிலோதான். பிரித்ததும் புகைபோல எழும்பியது. மா எழும்பினால் கொஞ்ச நேரத்தில் படிந்துவிடும். இது படியவில்லை. எங்களோடு நிற்கும் தம்பி ஒருவன் மெல்லிய கடதாசி முகமூடியோடு அதை அள்ளிக்கொண்டு நின்றான். கேட்டோம். "உது வெறும் மண்தானாம் அண்ணை. மேற்பார்வையாளர் சொன்னவர்" என்றான்.

மண் என்பது பாதி உண்மை. தூள் சிலிக்கா, கடற்கரை மணலில் உள்ள அதே பொருள்தான். ஆனால் துணிக்கையின் பருமன் சில பத்து நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வருவது ஒரு நனோமீற்றர். ஒரு பற்றீரியாவே ஏறக்குறைய ஆயிரம் நனோமீற்றர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தையின் மூலம் எங்களுக்குப் பழக்கமானது. தாமரை இலையில் சோறு சாப்பிட்ட எங்களுக்கு, அதில் தண்ணீர் முத்தாக உருண்டோடுவது தெரியும். ஏன் ஓடுகிறது என்று ஊரில் நாங்கள் கேட்டதில்லை. கேட்டவர் வில்கெல்ம் பாத்லொட் என்ற யேர்மன் தாவரவியலாளர். 1970களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இலைகளைப் பார்க்குமுன் அவற்றைக் கழுவ வேண்டியிருந்தது. சில இலைகள் மட்டும் கழுவாமலே சுத்தமாயிருந்தன. 1997இல் பொண் பல்கலைக்கழகத்திலிருந்து நைனுயிஸ் என்பவருடன் சேர்ந்து விளக்கத்தை வெளியிட்டார். தாமரை இலை வழுவழுப்பானதல்ல. அதன் மேல் நுண்ணிய மேடுகள். மேடுகளின் மேல் அதைவிட நுண்ணிய மெழுகுக் குழாய்கள். இடுக்குகளில் காற்று நிற்பதால் துளி மேடுகளின் நுனியில்தான் இருக்கும். சற்றுச் சரித்தால் தூசியையும் அள்ளிக்கொண்டு உருளும்.

பிளாஸ்ரிக்கில் இந்தச் சொரசொரப்பை உண்டாக்கத்தான் தூள். முதலில் உருக்கிலேயே கலந்து பார்த்தார்கள். துணிக்கைகள் உள்ளே புதைந்துபோக, மூடி பழையபடி நனைந்தது. பிறகு, நீரை வெறுக்கும்படி பதப்படுத்திய தூளை அச்சின் உள்முகத்தில் பூசி, அதற்குள் உருக்கைச் செலுத்தினார்கள். துணிக்கைகள் பாதி புதைந்தும் பாதி வெளியே நீட்டியும் இறுகின. மூடியில் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், தாமரை இலையேதான். ஆனால் ஒவ்வொரு வார்ப்புக்கும் தூள் பூசியாக வேண்டும். புகையும் அதனால்தான்.

கிருமிக்கு வெள்ளி. வெள்ளி நனோத் துணிக்கைகளிலிருந்து கசியும் அயன்கள் பற்றீரியாவின் சுவரைத் தாக்கும். இதில் ஒரு முரண் உண்டு: அயன் கசிய ஈரம் வேண்டும், மூடியோ ஈரத்தை விரட்டுகிறது. 2016இல் இலண்டன் யூனிவேர்சிற்றிக் கொலிஜ் ஆய்வாளர்கள் செம்பு நனோத் துணிக்கைகளையும் சிலிக்கோனையும் சேர்த்து இரண்டு குணமும் உள்ள பூச்சொன்றை உருவாக்கினார்கள். கிருமி இலகுவில் ஒட்டாது. மீறி ஒட்டியதைச் செம்பு கொல்லும்.

வீட்டுக்காரருக்கு ஒன்று. இந்தச் சொரசொரப்பைக் கம்பித் தும்பால் தேய்த்தால் போயிற்று. எண்ணெயும் சவர்க்காரமும் பட்டாலும் குணம் குறையும். கிருமிக்கு எதிரானது என்று சொல்லி நனோப் பொருள் சேர்த்து விற்றால், அதன் பெயரோடு 'நனோ' என்று எழுத வேண்டும் என்பது 2013 செப்ரெம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். எழுதியிருக்கிறது என்பதற்காகக் கோழி வெட்டிய பலகையைக் கழுவாமல் விடாதீர்கள்.

இனித் தம்பியின் விஷயம். இரசாயனப் பொருள்களுக்குப் பாதுகாப்புத் தரவுத்தாள் என்று ஒன்று உண்டு. பதினாறு பிரிவுகள். எட்டாவது பிரிவில் என்ன முகமூடி, என்ன கையுறை என்று இருக்கும். தொழிலாளி கேட்டால் முதலாளி அந்த விபரத்தைப் பார்க்க விட வேண்டும். 2006ஆம் ஆண்டின் ஐரோப்பிய இரசாயனச் சட்டம் 35ஆம் பிரிவில் அதைச் சொல்கிறது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட எங்களுக்கு இதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு பிடித்தது. கேட்டபோது மேற்பார்வையாளர் முகத்தைச் சுளித்தார். "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றோம். அகராதியோடு தேநீர் இடைவேளையில் வாசித்தோம். மூன்றாம் தர வடிகட்டி முகமூடி, தூள் எழும்பும் இடத்தில் உறிஞ்சு குழாய் என்று தெளிவாகவே இருந்தது.

முகமூடி மறுநாளே வந்தது. உறிஞ்சு குழாய் மூன்று கிழமை கழித்துத்தான் பூட்டினார்கள். அதற்குள் பரீட்சார்த்த வேலை முடிந்துவிட்டது. தம்பி இப்போது பொதி கட்டும் பகுதியில் நிற்கிறான். தாளின் பிரதியொன்று அவனுடைய அலுமாரிக்குள் இருக்கிறது.