பூத்தும் காய்க்காத சுரைக்கொடி

"மொட்டை மாடியில் சுரை போட்டேன். பந்தல் கொள்ளாமல் படர்ந்திருக்கிறது. தினம் பத்துப் பூ பூக்கிறது. ஆனால் பேருக்குக்கூட ஒரு காய் இல்லை. 'இது மலட்டுக் கொடி, பிடுங்கி எறி' என்கிறார் என் மாமியார். பிடுங்கிவிடட்டுமா?" என்று மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டு எழுதியிருக்கிறார்.

வேண்டாம் அம்மா, பிடுங்க வேண்டாம்! இப்படிப் பூக்கிற சுரைக்கொடி மலடாக இருப்பது அபூர்வம். காய் காணாவிட்டால் நாம் முதலில் கொடிக்குத்தான் பட்டம் கட்டுகிறோம். வர வேண்டியவர் வந்தாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. (கொடிக்கு மட்டுந்தானா இந்த நியாயம் என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது!)

விஷயம் இதுதான். சுரையில் ஆண் பூ, பெண் பூ இரண்டும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். ஆண் பூ நீண்ட மெல்லிய காம்பின் நுனியில் வெறுமே நிற்கும். பெண் பூவின் அடியிலோ, பூ மலர்வதற்கு முன்பே, பூனைக்குட்டியின் ரோமம் போன்ற மெல்லிய மயிருடன் ஒரு குட்டிச் சுரைக்காய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு தவறவே தவறாது. கொடி பூக்கத் தொடங்கியதும் முதலில் வருவதெல்லாம் ஆண் பூக்களே. அவை உதிர்வதைப் பார்த்து மனம் உடைய வேண்டியதில்லை. அது அதன் வழக்கம்.

பெண் பூவும் வந்து, அதன் அடியிலுள்ள பிஞ்சு மஞ்சளித்துச் சுருங்கி உதிர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். அதற்கு முக்கியமான காரணம், ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்கு வந்து சேராததுதான். பறங்கியும் பூசணியும் விடியற்காலையில் மலர்கின்றன. தேனீக்கள் வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போய்விடுகின்றன. சுரைப் பூவின் சுபாவம் வேறு. அந்தி சாயும்போது வெள்ளை வெளேரென்று மலர்ந்து, மறுநாள் வெயில் ஏறுமுன் வாடிவிடும். இருட்டில் வந்து தேன் குடிக்கும் அந்துப்பூச்சிகள்தாம் இதற்குத் தூது. கிராமத்துக் கொல்லையில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. சுற்றிலும் சிமெண்டும் விளக்கு வெளிச்சமுமாக இருக்கும் பட்டணத்தில், அதுவும் நாலாவது மாடிக்கு, எத்தனை பூச்சி தேடிக்கொண்டு வரும், சொல்லுங்கள்?

ஆகவே அந்தப் பூச்சியின் வேலையை நீங்களே செய்ய வேண்டியதுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நீங்கள் சொல்வதற்குள் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். விளக்கு வைத்த பிறகு, ஆறரை ஏழு மணிக்கு மாடிக்குப் போங்கள். அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிள்ளி எறியுங்கள். நடுவில் மஞ்சள் பொடி பூசினாற்போல ஒரு தண்டு மிஞ்சும். பெண் பூவின் நடுவில் மூன்று பிரிவாகத் தடித்திருக்கும் பகுதியில் அதை மெதுவாக, மூன்று பிரிவிலும் படும்படி தடவிவிடுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூக்களுக்குப் போதும். அவ்வளவுதான், குழந்தைக்குப் பொட்டு வைக்கிற நேரம்கூட ஆகாது. மூன்று நாலு நாளில் பிஞ்சு பச்சையாகவே இருந்து பருக்கத் தொடங்கினால் காரியம் பலித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பீர்க்கும் புடலையும்கூட மாலையில் மலர்கிறவைதாம். அவற்றுக்கும் இதே நேரம். பாகலுக்குக் காலை.

பெண் பூ அதிகம் வேண்டுமானால் இன்னொரு தந்திரம் உண்டு. சுரையில் நடுக்கொடி பெரும்பாலும் ஆண் பூக்களையே தரும். பெண் பூக்கள் பக்கக் கிளைகளில்தான் மிகுதி. கொடி பந்தலைத் தொட்டதும், அதாவது ஐந்தாறு அடி வளர்ந்ததும், நுனியைக் கிள்ளிவிடுங்கள். 'வளருகிற கொடியைக் கிள்ளுவதா!' என்று கை நடுங்கும், நடுங்கட்டும், கிள்ளிவிடுங்கள். ஒரு வாரத்தில் பக்கங்களில் கிளை வெடிக்கும்.

இனிமேல்தான் விதை போடப் போகிறவர்களுக்கு: ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் சுரைக்கு ஏற்றவை. தையில் போட்டால் கோடையில் வீட்டுக் காய் கிடைக்கும். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'கோ 1', பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்க்கா பஹார்' ஆகியவை நல்ல ரகங்கள். பின்னது கழுத்து வளையாமல் நேராக, ஏறக்குறைய ஒரு கிலோ எடையில் காய்க்கும். சின்னக் குடும்பத்துக்கு அளவானது. விதையின் ஓடு கெட்டியானதால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, 2 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் முளைத்துவிடும். சுரைக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. பிடுங்கி நட்டால் கோபித்துக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கும். எனவே வளரப்போகும் இடத்திலேயே மூன்று விதை போட்டு, நன்றாக வந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். மாடியில் வளர்ப்பவர்கள் சின்னத் தொட்டியில் போட்டுவிட்டுக் காயில்லையே என்று வருந்தக் கூடாது. ஒன்றரை அடி ஆழமும் அதே அகலமுமாவது வேண்டும். மண்ணும் மக்கிய சாணி எருவும் சரிபாதி. வெயில் காலத்தில் காலை மாலை இரு வேளையும் தண்ணீர்.

முளைத்த இரண்டு இலையையும் ஒரு சிவப்பு வண்டு சல்லடையாக்கப் பார்க்கும். விடிகாலையில் அது மந்தமாக இருக்கும்போது கையாலேயே பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடலாம். பிஞ்சைத் துளைத்து முட்டையிடும் பழ ஈக்குப் பழைய வேட்டித் துணியில் தைத்த பை ஒன்றே போதும்; காய் பிடித்தது தெரிந்தவுடன் மாட்டிவிடுங்கள். நாம் சாப்பிடப்போகிற பிஞ்சில் மருந்து அடிக்கிற யோசனை எனக்குச் சம்மதமில்லை.

பூ மலர்ந்து பன்னிரண்டு, பதினைந்து நாளில் காய் பறிக்கலாம். நகம் இலேசாக இறங்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும்' என்று விட்டால் விதை முற்றி நார் ஓடிவிடும். கொடியும் 'வேலை முடிந்தது' என்று அடுத்த காய்க்கு அவசரப்படாது.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். அடுப்பில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு சுரைக்காயிலும் ஒரு துணுக்கு நறுக்கி நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் குப்பையில் போடுங்கள். 'பருப்புச் சேர்த்துக் கூட்டாக்கினால் தெரியாது' என்ற சிக்கனம் இங்கே உதவாது. குக்குர்பிட்டாசின் என்ற நச்சுதான் அந்தக் கசப்பு, வேகவைத்தாலும் போகாது. 2010ஆம் ஆண்டில் தில்லியில் சுரைக்காயும் பாகற்காயும் சேர்த்துப் பிழிந்த சாற்றைக் குடித்த ஒருவர் உயிரிழந்தார். பாகலின் கசப்பு கலந்துவிட்டால் சுரையின் கசப்பு எப்படித் தெரியும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து இதை ஆராய்ந்தது. குழுவின் அறிக்கை 2012ல் வெளியாயிற்று. கசக்கும் காயைச் சாறு பிழியவே கூடாது, மற்றச் சாறுகளோடு கலக்கவும் கூடாது என்பது அவர்கள் யோசனை. இந்த நச்சுக்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. கசந்த காயை உண்ட பிறகு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், சுக்குக் கஷாயம் போட்டுப் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுரைக்கு உறவான சுக்கினியும் இதற்கு விலக்கல்ல. 2015ல் ஜெர்மனியில், தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்துபோனார்.

பயந்துபோய்க் கொடியை வெட்டிவிடாதீர்கள்! கசக்கும் காய் அபூர்வந்தான். சோதிக்க ஒரு விநாடி போதும். பாகற்கொடி பக்கத்தில் இருந்தால் சுரை கசந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது. ஆனால் அக்கம்பக்கத்தில் பேய்ச்சுரை இருந்து, பூச்சி அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்து விட்டால் சங்கடம். இந்த வருஷத்துக் காய் இனிப்பாகவே இருக்கும். அதன் விதையைப் போட்டால் அடுத்த தலைமுறை கசக்கலாம். ருசியான காய் என்று நம்பி எடுத்து வைத்த விதை மோசம் செய்வது இப்படித்தான். தண்ணீர் காணாமல் வாடிய கொடியிலும் கசப்பு ஏறுவதுண்டு.

ஆகவே வீட்டு விதை வேண்டுமென்கிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். அன்று மாலை மலரப்போகிற பெண் மொட்டு ஒன்றையும் ஆண் மொட்டு இரண்டையும் மத்தியானமே நூலால் வாய் கட்டிவிடுங்கள். இருட்டியதும் அவிழ்த்து, நான் சொன்னபடி தடவி, பெண் பூவை மறுபடியும் கட்டிவிடுங்கள். அடையாளத்துக்கு ஒரு சிவப்பு ரிப்பன். அந்தக் காயை மட்டும் பறிக்காமல், கொடி காய்ந்து, ஓடு மரம்போல் ஆகும்வரை விட்டுவைக்க வேண்டும். ஒட்டு ரக விதையில் வந்த கொடியானால் இந்தச் சிரமம் வேண்டாம். அதன் பிள்ளை தாயைப் போல் இராது.

மாம்பலத்துச் சகோதரி இன்று மாலையே மாடிக்குப் போகலாம். மாமியாரையும் கையோடு அழைத்துக்கொண்டு போகட்டும். விளக்குப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே!