கடற்கரை கமிட்டியில் 3 நாற்காலி! உட்காரப் போவது யார்?

செங்கல்பட்டு,

கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம்... கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே குப்பமும் சொகுசு விடுதியும் மதில் ஒட்டி நிற்கின்றன.

இந்த மணலில் யார் கட்டடம் கட்டலாம்? மனு முதலில் போவது மாவட்ட கடலோர மண்டல கமிட்டிக்கு. கலெக்டர்தான் தலைவர்.

கமிட்டியில் கடலோரப் பாரம்பரிய மக்கள் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும், மீனவரும் அதில் உண்டு என்று 2011 ஜனவரியில் மத்திய அரசு உத்தரவு போட்டது. 2019 ஜனவரியில் வந்த புது உத்தரவிலும் அது இருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 29-ல்தான் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது.

எப்படிப் பொறுக்குவது?

இங்கேதான் சிக்கல்! தேர்தலா, ஊர்க்கூட்டமா என்று உத்தரவில் ஒரு வரி கூட இல்லை. கலெக்டர் ஆபீசில் அடிக்கடி வணக்கம் போடுகிறவர் பெயரே பட்டியலில் ஏறினாலும் சட்டம் குறுக்கே நிற்காது.

ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்டால் ஒரே நாளில் பெயர் வந்துவிடும். ஆனால் அங்கே உட்காருவது ஆம்பளைங்கதான். கூடை சுமந்து மீன் விற்கும், மணலில் கருவாடு காயப்போடும் பெண்கள்? முட்டுக்காடு கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள்? அவர்கள் எந்தக் குப்பத்துக் கணக்கிலும் இல்லை.

உத்தரவில் இருப்பது "குறைந்தது" 3. ஐந்து, ஆறு பேரைப் போட்டால் யார் தடுக்கப் போகிறார்கள்?

200 மீட்டர், 50 மீட்டர்

சதுர கிலோ மீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கடலோரக் கிராமங்களில், கட்டடம் கூடாது என்ற எல்லையை 200 மீட்டரில் இருந்து 50 மீட்டராகக் குறைக்க 2019 உத்தரவு வழி விட்டது. கடலோரத் திட்ட வரைபடம் ஒப்புதல் ஆனால் போதும்.

அந்தப் படத்தில் மீனவர் குடியிருப்பு, பொது இடம், மீன் காயவைக்கும் களம் எல்லாம் குறிக்கப்பட வேண்டும். ரெவின்யூ கணக்கில் பல இடங்களில் அது வெறும் புறம்போக்கு. வலை காய்வது எங்கே என்று கைகாட்ட ஊர்க்காரர் வேண்டாமா?

கமிட்டி சொல்வது சிபாரிசுதான். முடிவு மேலே மாநில ஆணையத்தில். மூணு பேர் கை தூக்கி விடுதியை நிறுத்த முடியாது. ஆனால் ஆட்சேபத்தைச் சொல்லி மினிட்டில் ஏற்றிவிட்டால், நாளைக்கு சென்னை பசுமைத் தீர்ப்பாயத்தில் வக்கீல் எடுத்து நீட்ட ஒரு காகிதம் இருக்கும்.