அவையல் கிளவியும் அடங்காத காற்றும்

இலக்கண வகுப்பில் மாணவர்கள் தாமாகவே விழித்திருக்கும் நாள்கள் மிகச் சில. தகுதி வழக்கில் இடக்கரடக்கல் நடத்தும் நாள் அவற்றுள் ஒன்று. அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல் என்று விளக்கி, 'கால் கழுவி வந்தேன்' என்ற பழைய எடுத்துக்காட்டைச் சொன்னதும் கடைசி வரிசையில் சிரிப்பு எழும். பதினைந்து ஆண்டுகளாக நாம் காத்திருந்து மகிழ்ந்த சிரிப்பு அது. 2021 செப்டம்பரில், ஊரடங்கு தளர்ந்து கல்லூரிகள் திறந்த முதல் வாரத்தில், அந்தச் சிரிப்பு எழவில்லை. எடுத்துக்காட்டைச் சொல்லி நாம் நிறுத்திய அந்த ஓரிரு நொடி அமைதியில், நம் சட்டைக்குள்ளிருந்து, இடது வயிற்றிலிருந்து, நீண்டு இழுபட்ட ஓர் ஒலி எழுந்தது. முகக்கவசத்துக்கு மேலே நாற்பது இணைக் கண்கள் நம்மைப் பார்த்தன. உடனே மேசையைப் பார்த்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

2019 இறுதியில் நமக்கு மலக்குடலில் புற்று கண்டது. மலக்குடலையும் எருவாயையும் அகற்றி, பெருங்குடலின் முனையை வயிற்றுச் சுவர் வழியே வெளியே கொணர்ந்து தோலோடு தைத்தார்கள். அந்தத் திறப்பை ஸ்டோமா என்கிறது மருத்துவம். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு வாய் என்றே பொருள். தமிழும் எருவாய் என்றுதான் சொல்லிவந்தது. ஆக, நம்மிடம் ஒரு வாய் இடம் மாறிவிட்டது, அவ்வளவே. ஆனால் பழைய வாய்க்குச் சுருக்குத் தசை இருந்தது. 'இப்போது வேண்டாம், பொறு' என்றால் பொறுத்தது. புதிய வாய்க்கு அந்தத் தசை இல்லை. அது பொறுக்காது. (இக்கட்டுரையில் 'நாம்' என்று எழுதுவது மரபு கருதித்தான். வயிற்றில் தன்போக்கில் பேசும் ஒருவர் வந்து சேர்ந்தபின் அந்தப் பன்மை பொருத்தமாகவும் ஆகிவிட்டது.)

குடலை வயிற்றில் திறந்துவிடும் மருத்துவம் புதிதன்று. 1793இல் பிரான்சின் பிரெஸ்ட் நகரில், எருவாய் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு துயூரே என்ற மருத்துவர் இதைச் செய்திருக்கிறார். ஆனால் இப்படித் திறப்போடு வாழ்பவர் வீட்டைவிட்டு வெளியே வர எளிய வழி ஒன்று பிறந்தது 1954இல். டென்மார்க்கில் எலிஸ் சோரென்சன் என்ற செவிலியின் சகோதரி தோராவுக்கு இவ்வறுவை நடந்தது. கசிந்துவிடுமோ என்று அஞ்சி அவர் வெளியே செல்லவே மறுத்தார். தோலில் ஒட்டிக்கொள்ளும் பை ஒன்று இருந்தால் என்ன என்று சோரென்சன் சிந்தித்தார். இன்று நம் வயிற்றில் ஒட்டியிருப்பது அந்தச் சிந்தனையின் வழித்தோன்றல். மலத்தைப் பை ஏற்றுக்கொள்கிறது. பையின் மேல்முனையில் உள்ள கரி வடிகட்டி, நனையாமல் இருக்கும்வரை, நாற்றத்தை ஏற்றுக்கொண்டு காற்றை மட்டும் வெளியேற்றுகிறது. ஒலியை மட்டும் இந்தப் பை ஏற்றுக்கொள்வதில்லை.

அறுவைக்குப் பின் மருத்துவர் நாள்தோறும் வந்து கேட்ட ஒரே கேள்வி, "காற்றுப் பிரிந்ததா?" என்பதுதான். குடல் மீண்டும் இயங்கத் தொடங்கியதற்கு அதுவே அறிகுறி. ஒரு நாள் விடியலில் அது ஒலியோடு பிரிந்தபோது செவிலிப் பெண் முகம் மலர்ந்து, "நல்ல செய்தி சார்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கூட மகிழ்ந்தார். பிறந்த குழந்தையின் அழுகையைக் கேட்டவர்கள்போல எல்லோரும் மகிழ்ந்த அந்த ஒலி, இனி வாழ்நாள் முழுவதும், துக்க வீட்டிலும் நூலகத்திலும் வகுப்பிலும் நம்முடன் வரும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. பை மாற்றக் கற்றுக்கொடுத்தார்கள். தோல் புண்ணாகாமல் காக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தவிர்க்க வேண்டிய உணவு என்று ஓர் அச்சிட்ட தாளும் தந்தார்கள். அதில் பிராக்கோலியும் பீரும் இருந்தன, மொச்சையும் முள்ளங்கியும் இல்லை. ஒலியைப் பற்றி ஒரு வரி கிடையாது. உயிரைக் காத்தவர்களிடம் இதைக் குறையாகச் சொல்வது நன்றிகொன்ற செயலாகத் தோன்றலாம். ஆனால் காத்த உயிர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்குமானால், அதுவும் மருத்துவத்தின் கவலைதானே?

ஊரடங்குக் காலம் நமக்கு வாய்ப்பாக அமைந்ததை மறைப்பதற்கில்லை. இணையவழி வகுப்பில் ஒலியை நிறுத்தும் பொத்தான் ஒன்று இருந்தது. மனித குலம் கண்ட சுருக்குத் தசைகளுள் அதுவே தலைசிறந்தது என்று ஒன்றரை ஆண்டு எண்ணியிருந்தோம். பிறகுதான் அந்தச் செப்டம்பர் வந்தது.

அதன்பின் நாம் செய்தவை பெரும்பாலும் மடமைகள். முதலில் காலை உணவைக் கைவிட்டோம். வெற்றுக் குடல் உண்ட குடலைவிட உரக்கப் பேசும் என்பது இரண்டே நாளில் தெரிந்தது. தமிழாசிரியருக்கே உரிய கனைப்பால் மறைக்க முயன்றோம். கனைக்கும்போது வயிறு அழுந்துகிறது. வயிறு அழுந்தினால் பின்னே நின்ற காற்றும் சேர்ந்து கிளம்புகிறது. ஒன்றை மறைக்கப்போய் இரண்டானது.

செவிலியிடம் மீண்டும் போய்க் கேட்டபின்தான் செய்தி விளங்கியது. குடலில் காற்று இரு வழிகளில் சேர்கிறது. ஒன்று, நாம் விழுங்குவது: அவசரமாக உண்பது, பேசிக்கொண்டே உண்பது, உறிஞ்சுகுழல், சோடா, சூயிங்கம். இன்னொன்று, செரிக்காமல் பெருங்குடலை அடையும் மாவுப்பொருளை அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதிக்க வைப்பதால் எழுவது. பருப்பு, பயறு, வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாம் இந்த வகை. பெருங்குடலின் கடைப்பகுதியில் திறப்பு உள்ள நம்மைப் போன்றோர்க்கு, உண்டதற்கும் காற்று எழுவதற்கும் இடையே ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகிறது. சிறுகுடலில் திறப்பு உள்ளவர்களுக்கு இதைவிடக் குறைவு. காலை எட்டு மணிப் பூரிக்கிழங்கு பிற்பகல் இரண்டு மணி வகுப்பில் ஏன் பேசியது என்பது அப்போதுதான் புரிந்தது. குற்றவாளியை மதிய உணவில் தேடிக்கொண்டிருந்தோம். கிழங்கை இரவுக்கு மாற்றினோம். அது இப்போது விடியற்காலையில் தனக்குத்தானே பேசிக்கொள்கிறது.

பட்டியல் போட்டு உணவை விலக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. ஒருவர் குடலுக்குப் பகையானது இன்னொருவர் குடலுக்கு நட்பாகிறது. ஒரு வாரத்துக்கு ஓர் உணவு என்று எழுதிவைத்துப் பார்த்ததில், நாம் அஞ்சிய சுண்டல் சிறிதளவு குற்றமற்றதென்று தெரிந்தது; ஐயமே படாத முட்டைக்கோஸ் பொரியல்தான் அகப்பட்டது. வாயுப் பண்டம் என்று சிலவற்றைப் பிரித்துவைத்து, அவற்றுக்குப் பெருங்காயமும் பூண்டும் சேர்த்த நம் அடுக்களைக்கு இந்தக் கவலை என்றோ தெரிந்திருக்கிறது. திறப்பின் வழியே நீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறையும் உண்டு. நம்மைப் போன்ற கடைக்குடல் திறப்புக்காரர்களுக்கு மட்டும், அதுவும் மருத்துவர் இசைந்து செவிலி கற்பித்தால் மட்டுமே அது பொருந்தும். சிலருக்கு அது பெரிய விடுதலை. ஒரே குளியலறை உள்ள வீட்டில் காலை நேரத்தில் ஒரு மணி நேரம் அதை அடைத்துக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

உண்மையில் கைகொடுத்தது கைதான். ஒலி எழப்போவதைச் சில வேளைகளில் குடலின் அசைவு முன்கூட்டியே உணர்த்தும். அப்போது முன்கையை மடக்கித் திறப்பின்மேல் மெல்ல அழுத்தினால் ஒலி மழுங்கிவிடுகிறது. வருகைப் பதிவேட்டை வயிற்றோடு அணைத்து நிற்கும் ஆசிரியரை யாரும் ஐயுறுவதில்லை. ஆனால் கரும்பலகையில் எழுதும்போது எந்தக் கையால் எதை அணைப்பது?

1892இல் பாரிசின் மூலான் ரூஜ் அரங்கில் ழோசப் புஜோல் என்பவர் மேடையேறினார். ரொட்டி சுடுபவராக இருந்தவர். பின்புறத்தால் காற்றை இழுத்து, விரும்பிய ஒலிகளாக வெளியிட்டுக் காட்டுவதே அவர் கலை. மக்கள் காசு கொடுத்துக் கேட்டார்கள். இதைப் படித்தபோது நமக்கு ஒன்று உறைத்தது. நாணம் ஒலியில் இல்லை. அவர் விரும்பியபோது எழுந்தது, நமக்கு விரும்பாதபோது எழுகிறது என்பதே வேறுபாடு. தன் உடலைத் தானே ஆள முடியாதவன் என்று பிறர் முன் வெளிப்படுவதைத்தான் நாம் நாணுகிறோம். குழந்தைக்கு இரண்டு வயதில் கற்பித்து, கற்றதும் கைதட்டி, அதன்பின் வாழ்நாள் முழுதும் பேசாமலே விட்டுவிடுகிற ஓர் ஆட்சி அது. அதை இழந்தவரோடு எப்படிப் பழகுவது என்று நம் சமூகம் யாருக்கும் கற்பிக்கவில்லை.

நம் நலம் நாடும் மூத்த பேராசிரியர் ஒருவர், "வகுப்பைக் குறைத்துக்கொண்டு அலுவலகப் பொறுப்பு ஏதாவது கேளுங்கள் ஐயா, இதையெல்லாம் வெளியில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?" என்றார். அன்பில் சொன்னதுதான். ஏறக்குறைய உடன்பட்டும்விட்டோம். விண்ணப்பம்கூட எழுதி வைத்திருந்தோம். தடுத்தது, நாம் நடத்திய அதே பாடம்.

அவையில் சொல்லத் தகாத சொல்லை அவையல் கிளவி என்கிறது தொல்காப்பியம். அதை மறைத்துச் சொல்லவும் வழிசெய்கிறது. தொல்காப்பியரே பசுவின் சாணத்தைக் குறிக்கும் சொல்லுக்குப் புணர்ச்சி விதி கூற வேண்டி வந்தபோது, அச்சொல்லை அப்படியே உரைக்காமல் அதன் எழுத்துகளின் பெயரைச் சொல்லிக் கடந்தார். கடந்தார் என்பதைவிட, சொன்னார் என்பதே இங்கு முதன்மை. விதியை விட்டுவிட்டு அவர் போகவில்லை. இடக்கரடக்கல் என்பது வாயை மூடிக்கொள்ளும் கலை என்று நாம் பல ஆண்டுகளாகத் தவறாக எண்ணியிருந்தோம். அவையின் நடுவே அதைச் சொல்லியே தீர்வதற்குக் கண்டுபிடித்த கலை அது. சித்தர் மரபும் உடலின் பத்துக் காற்றுகளை எண்ணியபோது, கீழ்நோக்கிச் செல்வதற்கு அபானன் என்று பெயரிட்டு, பிராணனோடு ஒரே வரிசையில் வைத்தது. பெயர் இருந்தால் பேசலாம். ஸ்டோமாவோடு வாழ்பவரின் ஒலிக்கு நம் வீடுகளில் பெயர் இல்லை. அதனால்தான் நாற்பது இணைக் கண்கள் மேசையைப் பார்த்தன.

மறுநாள் வகுப்பில் சொல்லிவிட்டோம். நீண்ட உரை எல்லாம் இல்லை. "எனக்கு ஓர் அறுவை நடந்தது. வயிற்றில் ஒரு பை உண்டு. அதிலிருந்து சில நேரம் ஒலி வரும், என்னால் அடக்க முடியாது. வந்தால் நீங்கள் பாடத்தைக் கவனியுங்கள், நானும் கவனிக்கிறேன்." சில நொடி அமைதி. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, மிகுந்த பணிவோடு, "ஐயா, அப்ப அது அவையல் கிளவியா ஐயா?" என்றான். வகுப்பு வெடித்துச் சிரித்தது. நாமும் சிரித்தோம், சிரித்ததில் வயிறு குலுங்கி, அதுவும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டது. அன்று முதல் அவ்வகுப்பில் அதற்குக் கிளவி என்று பெயர்.

இத்துடன் நிறுத்தினால் நாம் ஏதோ துணிச்சல்காரர் என்று தோன்றிவிடும். மருத்துவமனைப் புறநோயாளர் வரிசையில் சந்தித்த ஒரு பெண்மணியிடம் இதைப் பெருமையாகச் சொன்னோம். அவருக்குச் சிறுகுடலில் திறப்பு. மாமியார், கொழுந்தன் குடும்பம் எல்லாம் ஒரே கூடத்தில் படுக்கும் வீடு. இரவில் ஒலி கேட்கும் என்று சமையற்கட்டில் பாய் விரித்துத் தனியே படுக்கிறார். தங்கை மகளின் வளைகாப்புக்கும் போகவில்லை. "நீங்க வாத்தியாரு, நீங்க சொன்னா கேப்பாங்க சார். நான் சொன்னா சிரிப்பாங்களா, மூஞ்ச சுளிப்பாங்களா?" என்றார். நமக்கு விடை இல்லை. சொல்லிவிடுங்கள் என்று எல்லோருக்கும் அறிவுரை கூறுவது, மேடையும் பதவியும் உள்ளவன் எளிதில் செய்யக்கூடியது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகவே நாம் கேட்பது வேறொன்று. சொல்லும் சுமையை நோயாளியின்மேல் மட்டும் ஏற்றக் கூடாது. அறுவைக்கு முன் குடும்பத்தாரை அழைத்துக் கையொப்பம் வாங்கும் அந்த அறையிலேயே, மருத்துவரோ செவிலியோ சொல்லட்டும்: ஒலி வரும், அவரால் அடக்க முடியாது, அது குடல் நலமாக இருப்பதன் அறிகுறி, நாள் முழுதும் ஒன்றுமே வராமல் வயிறு வலித்தால்தான் நீங்கள் அஞ்சி ஓடி வர வேண்டும். மாமியார் காதில் அது வெள்ளை அங்கி அணிந்தவர் வாயிலிருந்து விழுந்திருந்தால், அந்தப் பாய் சமையற்கட்டுக்குப் போயிருக்காது. அடுத்த முறை அவர் வரும்போது கணவரையும் மாமியாரையும் அழைத்துவரச் சொல்லி, நமக்குத் தெரிந்த செவிலியிடம் பேசி வைத்திருக்கிறோம்.

நமக்கு இன்னும் எஞ்சியிருப்பது தேர்வுக்கூடம். மூன்று மணி நேரம் தாள் புரளும் ஒலி மட்டுமே கேட்கும் இடம். அங்கே அமர்ந்திருப்போர் வேறு துறை மாணவர்கள், கிளவியை அறியாதவர்கள். இந்தப் பருவத்தில் கண்காணிப்புப் பணி ஒதுக்கும் ஆசிரியரிடம் காரணத்தைச் சொன்னோம். அவர் பட்டியலிலிருந்து நம் பெயரை நீக்கிவிடப் பேனாவை எடுத்தார். வேண்டாம் என்று தடுத்து, மாடியில் கடைசி அறையைக் கேட்டு வாங்கினோம். அங்கேயுள்ள பழைய மின்விசிறி மூன்று மணி நேரமும் கடகடத்துக்கொண்டே இருக்கும். அதைப் பழுதுபார்க்க வேண்டாம் என்றும் சொல்லி வைத்திருக்கிறோம்.