ஈரத் தானியமும் மைலேஜ் கணக்கும்

புதிய கார் வாங்கியபோது லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கிடைக்கும் என்றார்கள். டேங்கை நிரப்பி ஓட்டி, மீண்டும் நிரப்பிக் கணக்கிட்டேன். பாலக்கரையிலிருந்து காவிரிப் பாலம் வழியாக ஸ்ரீரங்கம் சென்றுவரும் எனக்குக் கிடைத்தது 15.

அந்த 22 பொய்யன்று. ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மீது, ஏசி போடாமல், ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஓட்டி அளந்த எண் அது. சத்திரம் பேருந்து நிலைய நெரிசலும் திருச்சி வெயிலும் அங்கில்லை. விற்றவர் அதைச் சொல்லாததே குறை.

மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைக்காத வணிகரைக் கண்டித்தார்கள். மேலிருந்த உலர்ந்த தானியமும் உண்மையானதே. அடியில் இருந்ததை மறைத்ததே மோசடி.

ஆயினும் சகோதரர்களே, என் பழைய பைக்கை விற்றபோது, ‘60 கொடுக்கும்’ என்றவன் நான். நெடுஞ்சாலையில் ஒருமுறை கிடைத்த கணக்கு அது, நகருக்குள் 45தான். அளவில் மோசடி செய்வோரை எச்சரிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை மாணவர்களுக்குக் கற்பிப்பவனும் நானே.

வாங்கியவரிடம் உண்மையைச் சொல்லி, விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர முடிவு செய்துள்ளேன், இன்ஷா அல்லாஹ். கார் விற்றவரிடம் கேள்வி கேட்பது அதற்குப் பிறகுதான்.